சாகாமத்து ஆமை

"முதலை வருமா?"
தொடங்கும் முன்பே கேட்டான் கேதுஜன்.
வராது என்றேன்.
"யானை?"
ஒரு இடத்தில் வரும், மிதிக்காது.
"அப்ப என்ன கதை?"

ஒரு பாலாமைக் குஞ்சின் கதை.
உள்ளங்கைக்குள் அடங்கும். பன்றி மூக்கு.
பின்னங்கால் இரண்டுக்கும் தோலில் இரண்டு கதவு,
இழுத்துச் சாத்திக்கொள்ளலாம்.
சாவி இல்லை.

முட்டையை உடைத்து வெளியே வந்த காலையில்
கரையில் ஒருவரும் காத்து நிற்கவில்லை.
ஆமை வீட்டில் அப்படித்தான்,
மண்ணைக் கிண்டி முட்டையை மூடிவிட்டுப்
போன அம்மா போனவள்தான்.
அம்மா என்ற சொல்லே குஞ்சுக்குத் தெரியாது,
ஆகையால் அழவும் இல்லை.
ஈர மணம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது.
நடந்தது.

திருக்கோவிலுக்கு மேற்கே சாகாமக் குளம்.
அல்லி இலைக்குக் கீழே நத்தை, புழு, குட்டித் தவளை.
தின்றது, ஒளிந்தது, தின்றது.
கபரக்கொய்யானின் நாக்கு
இலை விளிம்பில் இரண்டாகப் பிரிந்து தெரிந்தபோது
சேற்றுக்குள் மூக்கை மட்டும் விட்டுவைத்துக்
கல்லாகிக் கிடந்தது.

பிறகு கச்சான் காற்று தொடங்கியது.
மதகு குடித்தது, எருமைகள் குடித்தன,
வெயில் நின்றுகொண்டே குடித்தது.
ஆடியில் முழங்கால். ஆவணியில் கணுக்கால்.
புரட்டாதியில் ஒரு பாய் அளவு தண்ணீர்.
விரால்கள் எல்லாம் அதற்குள்
அக்கரைப்பற்று பஸ்ஸில் நிற்பதுபோல் நின்றன.
நாரைகளுக்குத் திருவிழா.

ஒரு இரவு யானைகள் வந்து
அந்தப் பாயையும் சுருட்டிக்கொண்டு போயின.
(மிதிக்கவில்லை. சொன்னேனே.)

ஆமைக்குஞ்சு நாலு திசையும் பார்த்தது.
நாலிலும் வெடித்த சேறு.
ஐந்தாவது திசை கீழே இருந்தது.

தோண்டியது.
சேறு முதலில் சூடு, பிறகு இளஞ்சூடு, பிறகு குளிர்.
குளிர் வந்த இடத்தில் நின்றது.
கதவைச் சாத்தியது.

"பிறகு?"
பிறகு ஒன்றுமில்லை.
"என்ன திண்டிச்சி?"
ஒன்றுமில்லை.
"ஆரோட கதைச்சிச்சி?"
ஒருவரோடும் இல்லை.
"எத்தினை நாள்?"
ஐம்பத்திரண்டு.
ஐம்பத்திரண்டு வரை எண்ணிப் பார்க்கத் தொடங்கினான்,
இருபத்தொன்பதில் அலுத்துப்போனான்.
ஆமை எண்ணவே இல்லை.

மேலே உலகம் தன்பாட்டில் நடந்தது.
பொடியன்கள் குளத்து நடுவில் கிரிக்கெட் விளையாடினார்கள்.
குஞ்சின் கூரையில் விக்கெட் தடி.
அவுட்டா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை.
கீழே ஒரு சின்ன இதயம்
மெல்ல, மிக மெல்ல, மறந்துபோய்
நினைவு வந்தாற்போல் அடித்தது.

அப்புறம் இரும்புக் கம்பியோடு கணவதி வந்தார்.
ஆமை தேடுகிறவர்.
குத்துவார், காது கொடுப்பார்.
மண் என்றால் சொத். ஓடு என்றால் டொக்.
சொத்.
சொத்.
அடுத்த குத்து குஞ்சின் ஓட்டுக்கு
நகக்கண் அளவு தள்ளி இறங்கியது.
கேதுஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
ஆமையும்தான்.
சொத்.
கணவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு
அந்தப் பக்கம் போனார்.
அன்று அவர் வீட்டில் பருப்பு.

ஐப்பசி முடியும்போது வாடைக்காற்று திரும்பியது.
முதல் மழை ஒவ்வொரு வெடிப்பையும் தட்டிப் பார்த்தது.
இரண்டாம் மழை தட்டவில்லை,
நேரே உள்ளே வந்தது.

கதவு திறந்தது.
முதலில் மூக்கு.
தண்ணீர் மேல் ஒரே ஒரு குமிழி.
அது போட்ட வெற்றிக் கூச்சல் அவ்வளவுதான்.

"சாகல்லையா?"
அது சாகாமல் கிடந்ததால்தான்
ஊருக்கே சாகாமம் என்று பேர் வந்தது என்றேன்.
"பொய்" என்றான்.
பொய்தான்.

விளக்கை அணைத்தேன்.
போர்வைக்குள் காலிரண்டையும் இழுத்துக்கொண்டான்,
பிறகு கைகளை, பிறகு தலையை.
கட்டிலில் ஒரு மேடு. அசைவில்லை.
வெகுநேரம் கழித்து மேட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"இனி மழை வந்தாத்தான் பள்ளிக்கூடம்."